கள்ளக் கையெழுத்து

ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூர்ப் பக்கம், நெல் இலை நுனியிலிருந்து ஓரம் ஓரமாக வைக்கோல் நிறத்தில் காய்ந்து வந்தால், "பனி பட்டுக் கருகிப் போச்சு" என்று பெரியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1884-ல் ஜப்பானின் புகுவோக்காவில் இந்த நோயைக் கண்ட குடியானவர்கள் மண்ணின் புளிப்பைக் குற்றம் சொன்னார்கள். பிற்பாடு தகாயிஷி என்பவர் நோய் கண்ட இலையின் கலங்கிய பனித்துளியைச் சோதித்தார். அதில் கூட்டம் கூட்டமாக பாக்டீரியா!

விடியற்காலையில் இலை விளிம்பில் நிற்பது முழுவதும் வானத்துப் பனியல்ல. பயிரே தன் நீர்த்துளைகள் வழியாகக் கசியவிடும் நீரும் அதில் உண்டு. கிருமி நுழைவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான். பனியைச் சந்தேகித்தவர் வாசல்வரை வந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

நம் தேசத்தில் 1951-ல், இன்றைய மகாராஷ்டிரப் பகுதியில் தென்பட்ட இந்த இலைக்கருகல், 1963-ல் பீகாரின் ஷாஹாபாத் ஜில்லாவைச் சூறையாடியது.

பயிருக்கு நம்மைப் போல ரத்தத்தில் ஓடும் படை கிடையாது. ஆனாலும் அன்னியன் வந்தால் அதற்குத் தெரியும். செல்லின் சுவரைக் கெட்டிப்படுத்தும், நஞ்சு சுரக்கும். சாந்தோமோனாஸ் என்ற இந்தக் கிருமியோ, ஊசி போன்ற குழாயால் சில புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவற்றில் சில, அபாய மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில செய்வதுதான் என்னைத் திகைக்க வைத்தது. நெல்லின் மரபணுச் சுவடியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் போய் உட்கார்ந்து, எஜமானின் கையெழுத்தைப் போட்டு, "சர்க்கரையை வெளியே விடு" என்று உத்தரவு பிறப்பிக்கின்றன. பயிரும் விடுகிறது! கதவை உடைக்காத திருடனுக்கு வீட்டுக்காரனே படியளக்கிறான். அந்தப் புரதங்கள் சுவடியில் தம் இடத்தை எப்படிப் படித்துக் கண்டுகொள்கின்றன என்ற ரகசியம் 2009-ல்தான் அவிழ்ந்தது.

சில நெல் ரகங்களில் அந்த இடத்து எழுத்துக்கள் மாறியிருக்கின்றன. கள்ள உத்தரவு அங்கே செல்லாது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியிலிருந்து வந்த காட்டு நெல் ஒன்றுக்கு வேறு வித்தை தெரியும்: கிருமி வெளிவிடும் ஒரு சிறு புரதத்தை அது மோப்பம் பிடித்துவிடும். அதன் எதிர்ப்புச் சக்தி நம் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தெரியவந்தது. பிலிப்பைன்ஸில் குர்தேவ் குஷ் குழுவினர் அதைப் பயிர் நெல்லுக்கு ஏற்றினார்கள். ஆந்திரா பொன்னி என்று நாம் வாங்கும் சம்பா மசூரியில், ஹைதராபாத் விஞ்ஞானிகள் இவ்விரண்டையும் இன்னொன்றையும் பல தலைமுறைக் கலப்பால் சேர்த்து, 2008-ல் வெளியிட்டார்கள்.

சர்க்கரை வாசலையே அடியோடு அடைத்துவிட்டால் என்ன? அதுதான் முடியாது. மகரந்தம் முதிர நெல்லுக்கு அதே வாசல் வேண்டும். அடைத்தால் கதிர் பதராகும். கிருமியிடமோ, பக்கத்து வாசல்களைத் திறக்க வேறு கையெழுத்துக்களும் இருக்கின்றன. ஹைதராபாத்காரர்கள் ஒரு காவலோடு நிற்காமல் மூன்று காவல் போட்டது அதனால்தான்.