நடவு வயல்ல இருந்து வாட்ஸ்அப் வரைக்கும்

எங்க வாட்ஸ்அப் குழுவுல ஒன்பது பேரு. பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவங்க. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொதுஅறிவுக் கேள்வி வரும். யார் முதல்ல சரியான விடை சொல்லுதாங்களோ, மறுநாள் கேள்வி போடுறது அவங்க முறை. கூகுள்ல பாக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

"இதெல்லாம் போன் வந்தப்புறம் வந்த பழக்கம்"னான் என் மகன். இல்லவே இல்ல. எங்க கடையநல்லூர்ப் பக்கம் நடவு வயல்ல இதைத்தான் அழிப்பாங்கதைன்னு சொல்லுவோம். நீங்க விடுகதைம்பீங்க. அழிக்கிறதுன்னா இங்க அவிழ்க்கிறதுன்னு அர்த்தம். பெண்கள் வரிசையா நின்னு நாத்து நடும்போது ஒருத்தி கதை போடுவா. அவிழ்த்தவ அடுத்த கதையைப் போடணும். வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி கேள்விக்கும் முறை உண்டு. எங்க ஆச்சி ஒரு பொழுது பூரா விடாமப் போடுவா.

தொல்காப்பியத்துல செய்யுளியல்ல இதுக்குப் 'பிசி'ன்னு பேரு. ஒரு பொருளை இன்னொண்ணுக்கு ஒப்பிட்டு மறைச்சுச் சொல்றது ஒரு வகைன்னு அப்பவே பிரிச்சு வச்சிருக்காங்க.

இப்ப நாம சொல்ற 'குவிஸ்' வேற வழியா வந்தது. 1967-ல கல்கத்தாவுல நீல் ஓ'பிரையன் நடத்துனதைத்தான் இந்தியாவுல முதல் பொது குவிஸ்னு சொல்லுதாங்க. 1985-ல தூர்தர்ஷன்ல சித்தார்த்த பாசுவோட 'குவிஸ் டைம்' வந்தது. 2000-ல அமிதாப் பச்சன் இந்தியில கோடீஸ்வரன் ஆக்கக் கிளம்பினாரு. தமிழ்ல சரத்குமார் நடத்துனாரு. இதுல எல்லாம் கேக்கிறவர் ஒருத்தர்தான். கடைசி வரைக்கும் அவரே கேப்பாரு. விடை சொன்னவருக்குப் பரிசு கிடைக்கும், கேக்கிற உரிமை கிடைக்காது. நடவு வயல்ல அந்த உரிமைதான் பரிசு. எங்க குழுவுல அது திரும்பி வந்திருக்கு.

போன மாசம் என் முறை வந்தது. மத்தவங்க எல்லாம் உலகக் கோப்பை, நோபல் பரிசுன்னு கேப்பாங்க. எனக்கு அதுல அவ்வளவு ஞானம் கிடையாது. ஆச்சி போட்டதுல ஒண்ணைப் போட்டேன்: "மலையில பொறந்தவ, மதகுல குனிஞ்சவ, வயலுக்கு வந்ததும் படுத்துக்கிட்டவ. யாரு?"

சென்னைக்காரன் பாம்புன்னான். இன்னொருத்தன் மூங்கில்னான். பதினோரு மணிக்கு சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தன் எழுதினான்: "கருப்பாநதித் தண்ணி."

எங்க ஊருக்கும் சிங்கப்பூருக்கும் பழைய உறவு. 1941-லயே அங்க கடையநல்லூர் முஸ்லிம் லீக்னு சங்கம் வச்சவங்க நம்ம ஆளுக. இவனும் பதினேழு வயசுல போனவன்தான். மறுநாள் கேள்வி அவன் முறை. அவன் போடல. "என் முறையை உனக்கே தாரேன், ஆச்சி கதை இன்னொண்ணு போடு"ன்னான்.

யோசிச்சுப் பாத்தேன். எத்தனையோ போட்டவ. எனக்கு ஞாபகம் இருக்கிறது பதினொண்ணுதான். ஆச்சியும் போயிட்டா, வயல்ல நடவு மெஷினும் வந்தாச்சு. மெஷின் சத்தத்துல யாரு கதை போடுவா? பதினொண்ணையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிட்டேன்.

உங்க வீட்டுல ஒரு ஆச்சி இருந்தா, இன்னைக்கே கேட்டு எழுதி வைங்க. அடுத்த முறை உங்களுது.