வங்கி அடையாளக் குறியீடு

வங்கி அடையாளக் குறியீடு என்பது பன்னாட்டுப் பணப் பரிமாற்றத்தில் ஒரு வங்கியை இனங்காட்டும், 8 அல்லது 11 எழுத்துகள் கொண்ட குறியீடாகும். இது சுவிஃப்ட் குறியீடு எனவும் அழைக்கப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 9362 சீர்தரம் இதனை வரையறுக்கிறது. 1973-இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட சுவிஃப்ட் அமைப்பு இக்குறியீடுகளைப் பதிவு செய்கிறது.

அமைப்பு

* முதல் 4 எழுத்துகள்: வங்கி
* அடுத்த 2: நாடு (இந்தியா - ஐ.என்., இலங்கை - எல்.கே.)
* அடுத்த 2: மரபாக இடத்தைக் குறிப்பவை
* இறுதி 3: கிளை. இவை கட்டாயமல்ல, 8 எழுத்துகள் மட்டும் இருப்பின் பொதுவாகத் தலைமை அலுவலகத்தைக் குறிக்கும்.

எடுத்துக்காட்டாக, பாரத ஸ்டேட் வங்கியின் குறியீடு எஸ்பிஐஎன்-ஐஎன்-பிபி ஆகும்.

ஐ.எஃப்.எஸ்.சி.யுடன் வேறுபாடு

இந்தியாவின் உள்நாட்டுப் பரிமாற்றத்திற்கான ஐ.எஃப்.எஸ்.சி.யும் 11 இடங்கள் கொண்டது. பாரத ஸ்டேட் வங்கிக்கு இரண்டிலும் முதல் 4 எழுத்துகள் ஒன்றே. ஆயினும் ஐ.எஃப்.எஸ்.சி.யின் ஐந்தாம் இடத்தில் எப்போதும் சுழியம் வரும். வங்கி அடையாளக் குறியீட்டில் அவ்விடத்தில் நாட்டுக் குறியீடு தொடங்கும்.

பிழைகள்

பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணில் (ஐபான்) உள்ளதுபோல் இதில் சரிபார்ப்பு இலக்கங்கள் இல்லை. எனவே பிழையாக எழுதப்பட்ட குறியீடு வேறொரு வங்கிக்கு உரியதாக அமைந்துவிட்டால், கணக்கீட்டின் மூலம் அப்பிழையைக் கண்டறிய இயலாது. அவ்வாறு அனுப்பப்படும் பணம் தாமதமாகலாம். இடைநிலை வங்கிகளின் கட்டணம் கழிக்கப்பட்டுத் திரும்பியும் வரலாம்.