உச்சியும் தரையும்

கொடைக்கானலின் சரித்திரத்தை ஏரியிலிருந்து தொடங்குவது வழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கினால் வேறொன்று தெரிகிறது.

அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845ல் இங்கு வீடு கட்டியது சமவெளியின் நோய்களுக்குத் தப்பிக்க. 1895ல் செண்பகனூரில் ஏசு சபையாரின் கல்லூரி. 1901ல் மிஷனரிக் குழந்தைகளுக்கென்று ஹைகிளர்க் பள்ளி. படிப்புக்காகப் பிள்ளைகளைக் கடல்தாண்டி அனுப்பிவிட்டுப் பிரிந்திருக்க வேண்டாம் என்ற பெற்றோரின் ஆசை நியாயமானதுதான். அப்போது மோட்டார் ரோடு கிடையாது. குதிரையில், அல்லது கூலியாட்கள் சுமக்கும் டோலியில் மலையேற வேண்டும். சுமந்தவர்களின் பிள்ளைகளை உத்தேசித்துத் தொடங்கிய பள்ளி அல்ல அது. இதில் குற்றம் சாட்ட ஒன்றுமில்லை. ஒரு சிறு சமூகம் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டது. நாட்டின் கல்வியே இப்படி உச்சியிலிருந்து கட்டப்பட்டதுதான் விஷயம்.

இதே மலையின் வானாய்வுக் கூடத்தில் 1909ல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அந்தக் கூடத்தின் பிறப்பிலேயே 1876ன் பஞ்சம் இருக்கிறது: சூரியனுக்கும் மழைக்கும் சம்பந்தமுண்டா என்று பார்க்கவும்தான் அது வேண்டியிருந்தது. 1911ல் கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அதைத் தோற்கடித்தார்கள். 1911 சென்ஸஸில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். முடியாத காரியம் என்று சொல்ல வழியில்லை. பரோடா சமஸ்தானம் 1906லேயே செய்திருந்தது, ஜப்பான் 1872லேயே தொடங்கியிருந்தது.

தமிழ்நாட்டில் தரை பிறகுதான் போடப்பட்டது. 1953ல் ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பை ஜாதி அரசியல் என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அது முழுநாள் படிப்பைக் கேட்ட பிடிவாதமாகவே படுகிறது. 1954ல் காமராஜ் வந்தார், திட்டம் போயிற்று. 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. பஞ்சம் என்ற கேள்விக்கு வேறொரு விடை, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே. 2011ல் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு எண்பது பேர். வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது வெறும் புள்ளிவிவரமல்ல. ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை அழுத்தும் தாய், பக்கத்தில் நின்று சலானைப் பூர்த்தி செய்யும் மகள்.

1984ல் கொடைக்கானலுக்கே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. கீழே தரை இல்லாதிருந்தால் அதற்கு மாணவிகள் எங்கிருந்து ஏறி வந்திருப்பார்கள்?

எழுத்தறிவு பெருகி வாரப் பத்திரிகைகளுக்குத்தான் தீனியாயிற்று என்பது சிறுபத்திரிகைக்காரர்களின் பழைய புகார். பொய்யில்லை. ஆனால் அந்தப் புகாரை அச்சடிக்க முந்நூறு வாசகர்களாவது வேண்டியிருந்தது. அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டில் முதலில் ஸ்லேட்டு பிடித்தவர்கள் என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.