திருவுளம் அறிதல்: கிருட்டிண பிள்ளையின் சமயத் துணிபு பற்றியோர் ஆய்வு

தாம்பரம் மாநகராட்சியுள் இன்று அடங்கியுள்ள திருநீர்மலை, பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருப்பதி. திருமங்கையாழ்வார் ஈண்டு வந்தகாலை மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததென்றும், அது வடியுந்துணையும் ஆறு திங்கள் எதிரேயிருந்த குன்றில் தங்கிப் பின்னரே வழிபட்டாரென்றும் கூறுவர். இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதற்கில்லை. ஆயினும் இம்மலைப்படியில் நின்று, தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரி இருக்கும் திசை நோக்கியபொழுது, வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான புலவர் ஒருவரின் காத்திருப்பும் எம் நினைவிற்கு வந்தது. அவர் எச். ஏ. கிருட்டிண பிள்ளை. வாழ்வின் பெருந்துணிபுகளில் இறைவன் கருத்து யாதெனக் கிறித்தவர் அறியும் நெறியை அவர் வாழ்க்கை கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். கிறித்து கற்பித்த செபத்தில் இறைவன் விருப்பத்தைச் சீர்திருத்தச் சபையார் ‘சித்தம்’ என்பர். கத்தோலிக்கர் ‘திருவுளம்’ என்பர். முன்னது வடசொல், மனத்தின் ஒரு கூறாகத் தத்துவ நூலார் எண்ணுவது. பின்னது தமிழ், அடியாரும் குடிகளும் இறைவனையும் அரசனையும் ஒப்ப வைத்து வழங்கிய சொல். ‘திருவுளம்’ என்பதிலிருந்து பிறந்ததே ‘திருவுளச்சீட்டு’. ஐயம் நேர்ந்துழிச் சீட்டுகளை எழுதித் தெய்வத்தின் முன்னிட்டு, ஒன்றை எடுத்து, வந்ததே இறைவன் கருத்தெனக் கொள்ளுதல் நம் நாட்டுப் பழவழக்கு. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறையில், உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டே ஓலை எடுப்பித்தனர். அஃது ஆட்சிமுறையே, ஆனால் மனிதன் விருப்பம் கலவாத கை வேண்டுமென்னும் எண்ணம் இரண்டற்கும் பொது.

கிறித்தவ மறையிலும் சீட்டு உண்டு. யூதாசின் இடத்திற்கு மத்தியா தெரிந்தெடுக்கப்பட்டது சீட்டினால் என அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம் கூறும். தூய ஆவியின் வருகைக்குப் பின்னர் அந்நூலில் அம்முறை மீண்டும் வாராமை கருதத்தக்கது. ஆயினும் வழக்கம் அற்றுப்போகவில்லை. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொரேவியச் சகோதரர், தம் சபை வழக்கப்படி ஊழியத்திற்கேயன்றித் திருமணத்திற்கும் சீட்டிட்டு இறைவன் கருத்தறிந்தவர். தமிழ்நாட்டிற்கு அவர் புதியவர். அவர் சீட்டோ தமிழர்க்குப் புதிதன்று.

இப் பின்புலத்திற் கிருட்டிண பிள்ளையை வைத்துக் காண்டல் வேண்டும். 1827இல் நெல்லை நாட்டுக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். கம்பனில் தோய்ந்தார். 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் ஞானமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் பூண்டார். இடையிற் கழிந்தவை ஐந்தாண்டுகள்.

அவர் பிழைப்புக் கருதி மதம் மாறினார் என்னும் கூற்று அக்காலத்துப் புலவர் பலர்மேற் சுமத்தப்பட்டது போலவே அவர்மேலும் ஏறும். அதனை எளிதில் தள்ளிவிடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. சென்னையில் தினவர்த்தமானி இதழில் பெர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றியதும், மாநிலக் கல்லூரித் தமிழாசிரியரானதும் ஞானமுழுக்கின் பின் நிகழ்ந்தனவே. எனினும் சாயர்புரத்தில் அவர் வைணவராயிருந்தே ஊதியம் பெற்றார். பெற்ற வேலையைப் பெறுதற்கு மதம் மாறவேண்டா. மாநிலக் கல்லூரியோ அரசினரது. ஆண்டுத் தமிழாசிரியராதற்கு ஞானமுழுக்கு வேண்டப்படுவதன்று. மறுபுறம் அவர் இழக்க நேர்ந்தது சுற்றத்தின் ஒட்டு. அந்நாளைய வேளாளர் குடியில் அது சிறு இழப்பன்று. நெல்லையிலன்றிச் சென்னையில் முழுக்குப் பெற்றமையே அதன் கடுமையைக் காட்டும் என்பது எம் கருத்து.

எனின், இறைவன் கருத்து இதுவென அவர் எவ்வாறு துணிந்தார்? தாம் கிறித்தவரான வரலாற்றைத் தாமே உரைநடையில் எழுதியுள்ளார். அதன்கண் தலைமை பெறுவன சீட்டோ சகுனமோ அல்ல. நூற்பயிற்சி ஒன்று, தமக்கு முன்னரே கிறித்தவரான தம்பி முத்தையா பிள்ளை, நண்பர் தனக்கோடி ராஜு ஆகியோரின் வாழ்வும் சொல்லும் மற்றொன்று, உள்ளத்து அமைதியின்மையும் வேண்டுதலும் பிறிதொன்று. இவற்றுள் எதுவும் தனித்து முடிவு செய்ததாகத் தோன்றவில்லை. நூல் கூறியதை நண்பர் வாழ்வில் ஒத்துப்பார்த்தும், நண்பர் கூறியதைத் தம் உள்ளத்தில் உரைத்துப்பார்த்தும் காலம் தாழ்த்தினார். முதுமையில் திரும்பி நோக்கி எழுதிய வரலாறாதலின், நிகழ்ச்சிகள் பின்னாளைய தெளிவால் ஒழுங்குபட்டிருத்தல் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

அந்நாளில் அவர் கைக்கு வந்த நூல்களுள் ஒன்று ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூல். அதனையே தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், நற்போதகம் இதழிற் பகுதி பகுதியாக வெளிவந்து 1894இல் நூலாயிற்று. ஞானமுழுக்கிற்கும் நூலுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள்! தாம் துணிந்ததன் பொருளை அத்துணைக் காலம் எண்ணிக்கொண்டிருந்தார் போலும்.

பனியன் கதையின் தொடக்கம் ஈண்டு இன்றியமையாதது. அழிவுநகரத்தான் ஒருவன் கையில் நூலுடன் செய்வதறியாது கலங்குகின்றான். நற்செய்தியாளன் ஒருவன் தொலைவிலுள்ள வாயிலைச் சுட்டுகின்றான். இவனுக்கு அது புலப்படவில்லை. அதற்கு இப்பால் ஓர் ஒளி தெரிகின்றதா என வினவ, தெரிவது போலும் என்கின்றான். அவ்வளவே. அவ்வொளியை நோக்கி நடக்கத் தொடங்குகின்றான். வாயில் முழுதும் தெரிந்த பின்னர்ப் புறப்படுவேன் என்றிருப்பின் கதையே இல்லை. பின்னர் ஓரிடத்தில், கரடுமுரடான நேர்வழியை விட்டு அதனை ஒட்டிச்செல்லும் மெத்தென்ற புல்வழியில் இறங்கி, ஐயக்கோட்டையிற் சிறைப்படுகின்றான். ஆகலின் வழி எளிதாதல் இறைவன் கருத்திற்கு அடையாளமாகாது. சீட்டில் வந்ததை வினாவின்றி ஏற்பவனுக்கு இவ்விரு காட்சிகளும் வேண்டா. தானே தெரிந்தெடுத்து, தவறித் திரும்புபவனுக்கே வேண்டும்.

கம்பனிற் பயின்ற உள்ளம் இக்கதையை எங்ஙனம் ஏற்றது? இரண்டிலும் ஒருவன் நகர் நீங்குகின்றான். இராமன் நீங்குதல் தந்தையின் ஆணையால், ஆணை ஐயமின்றி விளங்குகின்றது, செய்தலே எஞ்சுவது. பரதன் நிலை வேறு. தந்தை தந்த அரசு, தாய் பெற்றுக்கொடுத்த அரசு, குலகுருவும் ஏற்கச்சொன்ன அரசு. அனைத்தும் ஒரு வழியே காட்டவும், அது தகாதெனத் தன் உள்ளத்தால் தெளிகின்றான். கிருட்டிண பிள்ளையைக் கிறித்தவக் கம்பர் என்பார் இராமனையே நினைந்து ஒப்பிடுவர். துணிபின் இயல்பு நோக்கின் பரதனே அணியன் என்போம்.

ஒரு வேற்றுமை எஞ்சுகின்றது. இராமன் பின்னே அயோத்தி முழுதும் அழுது செல்கின்றது. மனையாளும் தம்பியும் உடன் செல்கின்றனர். பனியனின் பயணியோ மனைவி மக்கள் கூவி அழைக்கவும் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். அம்மனைவியும் மக்களும் அவ்வழியே நடந்து வரும் கதையைப் பனியன் 1684இல் இரண்டாம் பகுதியாக எழுதினார். கிருட்டிண பிள்ளை காப்பியமாக்கியது முதற் பகுதியையே.