பைக்குள் இருந்த கண்ணாடி

இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் இரவு. அப்பா என்னைப் பார்த்து, "நீங்க யாரு? மாட்டை எவன் அவுத்துவிட்டது?" என்று கேட்டார். வயது 78. மாடுகளை விற்று முப்பது வருஷம் ஆகிவிட்டது. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் போனதால் கைகளைக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். "வயசானா இப்படித்தான் சார்" என்றார் டியூட்டி டாக்டர். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை மட்டும், "ஜன்னி கண்டிருக்குடா" என்றாள்.

அத்தை ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்று பின்னால் படித்தபோது தெரிந்தது. சன்னிபாதம்தான் பேச்சில் ஜன்னி ஆனது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவது. டாக்டர்கள் சொல்லும் 'டெலிரியம்' லத்தீன் வழி வந்தது. அதில் 'லிரா' என்றால் உழவுச்சால். சாலை விட்டு ஏர் விலகிப்போவதே அந்தச் சொல்லின் வேர். மாட்டைத் தேடிய மனிதருக்குப் பொருத்தமான சொல்தான்.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. காயத்துக்கும் அறுவைக்கும் பின் வரும் 'நரம்புச் சன்னி' பற்றி பாரிஸ் அறுவை மருத்துவர் துப்புயித்ரான் சொன்னது 1834இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஈதர் மயக்கம் மருத்துவ உலகுக்குத் தெரியவந்ததே 1846இல்தான். ஆக, மயக்க மருந்து மட்டுமே குற்றவாளி அல்ல. ஆனாலும் பழி அதன்மேல் விழுந்தது. 1887இல் ஜார்ஜ் சாவேஜ், மயக்க மருந்துக்குப் பின் புத்தி பேதலித்தவர்களைப் பற்றி எழுதினார். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெட்ஃபோர்ட், ஆபரேஷனுக்கு அப்புறம் ஆள் பழையபடி இல்லை என்று வீட்டார் சொல்வதைக் காதில் வாங்கி, 1,193 பேரின் கதையைத் தேடிப் பார்த்தார். அவர் பார்த்தது நீடித்து நின்ற மாற்றத்தை. முதியவர்களுக்குத் தவிர்க்கவே முடியாத அறுவையை மட்டும் செய்யுங்கள் என்பது அவர் முடிவு.

வேறு பக்கமிருந்து யோசித்தவர் அமெரிக்காவின் ஷேரன் இனோயி. கட்டிவைப்பது, யூரின் டியூப், ஊட்டக்குறைவு, அடுக்கடுக்காகச் சேர்க்கும் மருந்துகள் ஆகியவை ஜன்னியைக் கிளப்புகின்றன என்று 1996இல் காட்டினார். 1999இல் யேல் மருத்துவமனையில் எழுபது தாண்டிய 852 நோயாளிகளிடம் அவர் குழு செய்த சோதனை வெளியானது. அவர்கள் அறுவை நோயாளிகள் அல்ல, பொது மருத்துவப் பிரிவினர். செய்தது என்ன? கண்ணாடியை மாட்டிவிட்டார்கள், காது கேட்க வழி செய்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நடக்கவைத்தார்கள், நாளும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார்கள், இரவில் சூடான பாலும் அமைதியும். ஜன்னி 15 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. 2001இல் பாஸ்டனில் இடுப்பு முறிந்த 126 பேரில் பாதிப் பேரை முதியோர் மருத்துவர் தினமும் பார்த்து ஆலோசனை சொன்னார். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதமாக இருந்தது அவர்களிடம் 32 ஆனது.

யேல் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. ஜன்னி வந்தபிறகு இதெல்லாம் அதன் வேகத்தைக் குறைக்கவில்லை. வருமுன் செய்தால்தான் பலன்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அப்பாவின் கண்ணாடியையும் காது மெஷினையும் என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கங்க" என்றார்கள். ரெண்டு நாளும் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், என் பைக்குள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல், கை கட்டப்பட்டுக் கிடந்த மனிதரிடம் "அப்பா, நான்தான்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அத்தைதான் கேட்டாள்: "கண்ணாடி எங்கடா?" மாட்டியதும் தெளிந்துவிடவில்லை. மேலும் நான்கு நாள் ஆனது. ஆனால் அன்றைக்கு என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார்.

அடுத்த மாசம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். இந்த முறை கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கும். அவள் கண் திறந்ததும் மாட்டிவிட வேண்டும்.