வாடகை உதவித் திட்டங்களில் மோசடித் தடுப்பு (அமெரிக்கா)

ஏழைக் குடும்பங்களின் வீட்டு வாடகையில் ஒரு பகுதியை அமெரிக்க மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டங்களில், உரியவர் அல்லாதவருக்கோ உரிய தொகைக்கு மேலோ பணம் போகாதபடி காக்க உருவான சட்டங்கள், சரிபார்ப்புகள், தணிக்கைகள் ஆகியவற்றை இத்தலைப்பு குறிக்கும். இத்திட்டங்களில் பெரியது, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறையின் ‘செக்‌ஷன் 8’ வவுச்சர் திட்டம். சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இதில் பயன்பெறுகின்றன. உள்ளூர் அளவில் 2,000க்கும் மேற்பட்ட வீட்டுவசதி வாரியங்கள் இதை நடத்துகின்றன. வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. முறைகேடாக ஒருவர் பெறும் உதவி, காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இன்னொருவருடைய பங்கு என்பதால்தான் இந்தத் தடுப்புக்கு இத்தனை முக்கியத்துவம்.

திட்டமும் அதன் ஓட்டைகளும்

1937ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அரசே வீடு கட்டி வாடகைக்கு விடும் முறையைத் தொடங்கியது. தனியார் வீட்டில் குடியிருப்போருக்கு வாடகை உதவி என்ற ஏற்பாடு 1965இல் சிறிய அளவில் வந்து, அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1974 ஆகஸ்டில் கையெழுத்திட்ட சட்டம் 1937 சட்டத்தில் சேர்த்த 8ஆம் பிரிவால் பரவலானது. குடும்பமே வீட்டைத் தேடிக்கொள்ளும். தன் வருமானத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தானே கட்டும். மீதியை வாரியம் நேராக வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிடும். குடும்பத்தின் பங்கு முதலில் அதிகபட்சம் 25 விழுக்காடாக இருந்தது. 1981இல் 30 ஆக உயர்த்தப்பட்டது.

ஏமாற்ற வழி பிறப்பதும் இந்தக் கணக்கில்தான். வருமானத்தில் 100 டாலரை மறைத்தால் 30 டாலர் மிச்சம். சம்பாதிக்கும் மகனோ துணைவரோ வீட்டில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது இதன் இன்னொரு வடிவம். உரிமையாளர் பக்கத்தில் வேறு வகைகள் உண்டு: ஒப்பந்த வாடகைக்கு மேல் கையில் தனியாக வாங்குவது, குடும்பம் காலி செய்து போன பிறகும் தொகையைப் பெற்றுக்கொண்டே இருப்பது, உறவினரையே வாடகைதாரராகக் காட்டுவது. அதனால் பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோருக்கு உரிமையாளர் இத்திட்டத்தில் வீடு விடக்கூடாது. மாற்றுத்திறனாளிக்குத் தேவை இருந்தால் மட்டும் விலக்கு. மூன்றாவதாக, வாரிய ஊழியர் லஞ்சம் வாங்கிக்கொண்டு பட்டியலில் ஒருவரை முன்னே தள்ளுவதும், இல்லாத வாடகைதாரரின் பேரில் காசோலை போடுவதும் உண்டு.

1989 ஊழல்

1978இல் வந்த சட்டம், மத்திய அரசுத் துறைகளில் தனித்து இயங்கும் தலைமை ஆய்வாளர் பதவியை ஏற்படுத்தியது. வீட்டுவசதித் துறைக்கும் அப்படி ஒருவர் வந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து அந்த அலுவலகம் வெளியிட்ட ஓர் அறிக்கை, வாடகைதாரரை விட்டுவிட்டுத் துறையின் உச்சியையே கைகாட்டியது.

செக்‌ஷன் 8இன் கிளையாக, பழைய கட்டடங்களைச் சீர்செய்து வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்குப் பதினைந்து ஆண்டு மானியம் தரும் திட்டம் ஒன்று இருந்தது. எந்த ஊருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டு விதி 1984க்குப் பிறகு இதற்குப் பொருந்தாமல் போயிற்று. ஒதுக்கீடு அமைச்சர் அலுவலகத்தின் விருப்பமாகிவிட்டது. ரீகன் ஆட்சி முழுவதும் அமைச்சராக இருந்த சாமுவேல் பியர்ஸின் அலுவலகத்தில் செல்வாக்குள்ள ஆலோசகர்களைப் பிடித்தவர்களுக்கே மானியம் கிடைத்தது. முன்னாள் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் வாட், சில தொலைபேசி அழைப்புகளுக்கும் சந்திப்புகளுக்கும் 4 லட்சம் டாலருக்கு மேல் கட்டணம் வாங்கியிருந்தார். வீட்டுவசதியில் அவருக்கு எந்த அனுபவமும் கிடையாது.

1989 ஏப்ரலில் தலைமை ஆய்வாளர் பால் ஆடம்ஸின் அறிக்கை வெளிவந்ததும் டாம் லான்டோஸ் தலைமையில் காங்கிரஸ் குழு விசாரணை நடத்தியது. பியர்ஸ், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்னும் அரசியலமைப்பு உரிமையைக் காட்டி வாய் திறக்க மறுத்தார். 1990இல் அமர்த்தப்பட்ட சிறப்பு வழக்கறிஞரின் நீண்ட விசாரணையில் 17 பேர் தண்டனைக்கு உள்ளானார்கள். அமைச்சரின் நிர்வாக உதவியாளர் டெபரா கோர் டீனும் அவர்களில் ஒருவர். பியர்ஸ் மீது வழக்கே போடப்படவில்லை. வாட் 1996இல் ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 டாலர் அபராதத்தோடு தப்பினார். வருமானத்தை மறைத்த வாடகைதாரருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று எச்சரிக்கும் துறையில் இது நடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1989 டிசம்பரில் வந்த சீர்திருத்தச் சட்டம், மானியம் போட்டி முறையில் மட்டுமே ஒதுக்கப்பட வேண்டும் என்றும், இடைத்தரகருக்குக் கொடுத்ததை வெளிப்படுத்த வேண்டும் என்றும் விதித்தது.

தவறா, மோசடியா?

2000ஆம் ஆண்டை வைத்துத் துறை எடுத்த ஆய்வில், முறையற்ற வாடகை மானியம் ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது. அதில் பெரும்பகுதி வாரிய ஊழியர்களின் கணக்குப் பிழை. வாடகைதாரர் மறைத்த வருமானத்தால் வந்தது அதைவிடக் குறைவு. மருத்துவச் செலவு, குழந்தைப் பராமரிப்பு, முதியோர் என்று பல கழிவுகளைக் கழித்து வருமானத்தைக் கணக்கிடும் விதிகள் அவ்வளவு சிக்கலானவை. குடும்பத்துக்குக் குறைவாகக் கொடுத்ததும் இந்தத் தொகையில் அடக்கம். செய்தித் தலைப்புகளில் மட்டும் மொத்தமும் மோசடியாகிவிட்டது. 2001இல் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இத்திட்டங்களை ‘அதிக ஆபத்து’ப் பட்டியலில் சேர்த்தது; 2007இல்தான் நீக்கியது.

இடைப்பட்ட காலத்தில் வந்த பெரிய மாற்றம் கணினி ஒப்பீடு. புதிதாக வேலைக்குச் சேர்வோரின் தேசியப் பதிவேட்டைப் பார்க்க 2004இல் துறைக்கு அனுமதி கிடைத்தது. இதிலிருந்து உருவான வருமானச் சரிபார்ப்பு அமைப்பை 2010 ஜனவரி 31 முதல் எல்லா வாரியங்களும் பயன்படுத்தியாக வேண்டும் என்றாயிற்று. ஆண்டு மறுஆய்வுக்கு வரும் குடும்பத்தலைவியிடம் சம்பளச் சீட்டை மட்டும் கேட்ட காலம் போய், ஊழியரின் திரையில் அவருடைய காலாண்டு ஊதியம், வேலையின்மைப் படி, சமூகப் பாதுகாப்புத் தொகை எல்லாம் முன்னதாகவே வந்துவிடும். ஒருவர் பேரில் இரண்டு இடங்களில் உதவி போகிறதா, இறந்தவர் பேரில் போகிறதா, வேறு வாரியத்துக்குப் பாக்கி உண்டா என்பதையும் அது காட்டும். ‘மோசடி செய்வது லாபமா?’ என்று கேட்கும் ஒரு பக்கத் துண்டறிக்கையும் குடும்பத்திடம் தரப்படும்.

ஆனால் ஊதியத் தகவல் சில மாதம் பழையது. வேலை போனவருக்கு அது இன்னும் வேலை இருப்பதாகக் காட்டும்; ரொக்கமாகக் கூலி வாங்குபவரைக் காட்டவே காட்டாது. கணினி ஒப்பீட்டை மட்டும் வைத்து உதவியை நிறுத்தக்கூடாது, தனியாகச் சரிபார்த்து உரியவருக்கு மறுப்புச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் கணினி ஒப்பீடு மற்றும் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது இதனால்தான்.

உரிமையாளர் தனியாக வாங்கும் பணத்தைக் கணினி காணாது. அங்கே உதவுவது உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863இல் வந்த பொய்க்கோரிக்கைச் சட்டம். அரசின் சார்பில் தனிநபரே வழக்குத் தொடுக்கவும், மீட்கும் தொகையில் பங்கு பெறவும் அது இடம் தருகிறது. மேல்வாடகை கேட்ட உரிமையாளர்கள் மீது வாடகைதாரர்களே இதன்கீழ் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

எல்லை மீறிய கண்காணிப்பு

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் வடக்கே பாலைநிலத்தில் உள்ள லான்காஸ்டர், பாம்டேல் நகரங்களில் வவுச்சர் குடும்பங்களைச் சோதிக்கக் கூடுதல் புலனாய்வாளர்களுக்கு நகராட்சிகளே பணம் கொடுத்தன. விதிமீறல் சோதனைக்கு வந்த வாரிய அதிகாரியோடு ஆயுதம் தாங்கிய ஷெரிஃப் காவலர்களும் வீட்டுக்குள் நுழைந்து கேள்வி கேட்டார்கள். கறுப்பினக் குடும்பங்களே பெரும்பாலும் குறிவைக்கப்பட்டன என்று 2013இல் மத்திய அரசின் நீதித்துறை கண்டறிந்தது. 2015இல் வாரியமும் இரு நகரங்களும் 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன.

பெருந்தொற்றுக்குப் பின்

கொரோனா காலத்தில் கருவூலத் துறை வழியே 2,500 கோடி டாலர், பின்னர் 2,155 கோடி டாலர் அவசர வாடகை உதவியாக ஒதுக்கப்பட்டது. மோசடிக்குப் பயந்து மாநிலங்கள் ஆவணத்துக்கு மேல் ஆவணம் கேட்டதில், 2021 ஜூலை முடிய செலவானது சுமார் 510 கோடிதான். வீட்டைவிட்டு வெளியேற்றும் நோட்டீஸ் கையில் இருப்பவரிடம் ஊதியச் சான்று கேட்பதில் பயனில்லை என்று கண்ட கருவூலம், விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியையே ஏற்கச் சொன்னது. பணம் வேகமாகப் போயிற்று. போலி ஒப்பந்தம், இல்லாத உரிமையாளர், காலி வீடு என்று மோசடியும் கூடவே வந்தது. உரிமையாளர் பெயரைச் சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்ட ஊர்களில் இவற்றைப் பிடிப்பது எளிதாயிற்று. உறுதிமொழியை ஏற்றது சரியான முடிவே. அந்த ஒப்பீட்டை எல்லா ஊரும் முதல் நாளிலேயே செய்யாததுதான் பிழை.

வவுச்சர் திட்டத்தில், 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2023இல் வெளியான விதிகள், குடும்பத்தின் மாத வருமானக் கணக்கில் 30 டாலர் வரையிலான பிழையைச் சிறு பிழையாகக் கருதி வாரியங்களுக்குத் தளர்வு தந்தன. ஆனால் முறையற்ற மானியம் மொத்தம் எவ்வளவு என்ற மதிப்பீட்டை, 2017ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஆண்டுகள் துறையால் சட்டம் கேட்டபடி தர முடியவில்லை. தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஆண்டுதோறும் இதைக் குறையாகப் பதிவுசெய்து வந்தது.