கறுப்பு வெளிச்சமும் வுட்டின் இருட்டறையும்

1/ கறுப்பு வெளிச்சம்னு ஒன்னு இருக்க முடியுமா? முடியாது. வெளிச்சம் இல்லாததைத்தான் கறுப்புன்னு சொல்றோம். அப்போ கடையில விக்கிற 'பிளாக் லைட்'? அது புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாததால அந்தப் பேர்.

2/ 1903ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் ஒரு கண்ணாடி செய்தார். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிச்சு, புற ஊதாவை விடும்.

3/ அதே வருஷம் பிரான்சின் நான்சி நகரப் பேராசிரியர் பிளாண்ட்லோ, 'என்-கதிர்' கண்டுபிடிச்சதா அறிவிச்சார். ஆதாரம்? இருட்டறையில ஒரு மங்கலான ஒளி லேசா கூடுமாம். பலரும் "ஆமா, தெரியுது"ன்னாங்க.

4/ 1904ல் வுட் நேரில் போனார். இருட்டுல கருவியின் முப்பட்டகத்தைச் சத்தமில்லாம எடுத்துட்டார். அது இல்லாம கதிர் பிரியவே பிரியாது. ஆனாலும் அவங்க அளவுகளை வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க! என்-கதிர் கதை முடிஞ்சது.

5/ அவங்க பொய் சொல்லல. முழு இருட்டுலயும் விழித்திரை செல்கள் தானாவே சிக்னல் அனுப்பும். அதனாலதான் இருட்டு கன்னங்கரேல்னு இல்லாம சாம்பலாத் தெரியுது. அந்தக் குழப்பத்துல, எதிர்பார்க்கிறதை மூளை 'பார்த்துடும்'.

6/ வுட் விளக்கு 1925ல் தோல் மருத்துவத்துக்கு வந்துச்சு. தலையில வர்ற சில பூஞ்சைத் தொற்று அதில் பச்சையா ஒளிரும். ஆனா களிம்பும் பஞ்சுத் தூசியும்கூட ஒளிரும்!

7/ அதனால ரூம் லைட்டை அணைச்சதும் நான் வுட்டை நினைச்சுக்குவேன். சந்தேகம்னா, சுரண்டி மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பிடுவேன். நீங்களும் ஆன்லைன்ல டார்ச் வாங்கி வீட்டுலயே நோய் கண்டுபிடிக்காதீங்க. ஓபிக்கு வாங்க.